அரிதட்டில் நின்ற தவிடு: நார்ச்சத்தும் இரத்த அழுத்தமும்

மாதாந்தக் கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாங்கில் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தால் போதும். நம் வீடுகளின் சமையலறை வரலாறு முழுக்கக் காதில் விழும். ஒருவர் வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடிக்கிறார். இன்னொருவர் உள்ளிப் பல்லை வெறும் வயிற்றில் விழுங்குகிறார். கொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருக்கும் ஒரு மூத்தம்மா, தன் முறை வந்ததும் டொக்டரிடம் மெல்லக் கேட்கிறார்: "மகன், குரக்கன் கஞ்சி குடிச்சா இந்தப் பிரஷர் குளிசைய உட்டுடலாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிடுகிறவர்கள் உண்டு. "ஓம் உம்மா, தாராளமா உடலாம், இங்க பவுடர் இரிக்கி" என்று பொதியை நீட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே பிழை. கேள்வி அறிவில்லாத கேள்வி அல்ல. குரக்கனில் நார்ச்சத்து இருக்கிறது, நார்ச்சத்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, இவை இரண்டும் உண்மை. எவ்வளவு குறைக்கிறது, எப்படிக் குறைக்கிறது, யாருக்குக் குறைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூத்தம்மாவின் கேள்விக்கு நேர்மையான விடை ஒன்றைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நார்ச்சத்து என்றால் என்ன?

நாம் உண்ணும் சோறு, பாண் போன்றவற்றிலுள்ள மாச்சத்து சிறுகுடலில் சமிபாடடைந்து சீனியாக இரத்தத்தில் சேர்கிறது. ஆனால் தாவர உணவின் ஒரு பகுதியை நம்முடைய சமிபாட்டு நொதியங்களால் உடைக்க முடியாது. தானியத்தின் தவிடு, பருப்பின் தோல், கீரையின் நரம்பு, பழத்தின் சதைக்குள் இருக்கும் பசை, இவையெல்லாம் சிறுகுடலைக் கடந்து அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. இதைத்தான் நார்ச்சத்து என்கிறோம். இது இறைச்சியிலும் மீனிலும் முட்டையிலும் பாலிலும் இல்லை. தாவரத்தில் மட்டுமே உண்டு.

இதில் பொதுவாக இரண்டு வகை. தண்ணீரில் கரைந்து கூழ்போல ஆகிறது ஒரு வகை. பார்லி, ஓட்ஸ், பருப்பு வகைகள், கொய்யா, தோடை முதலியவற்றில் இது அதிகம். வெண்டிக்காயை வெட்டும்போது கையில் ஒட்டும் வழுவழுப்பும், வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் பசையும் இந்த வகைதான். கரையாதது மற்ற வகை. அரிசித் தவிடு, குரக்கன் தோல், கீரைத் தண்டு ஆகியவற்றில் இது கூடுதல். பெரும்பாலான தாவர உணவுகளில் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

பெயர் பிறந்த இடம்

நார்ச்சத்து என்றதும் மலச்சிக்கல்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் உணவு நார் என்ற சொல்லே மருத்துவ எழுத்தில் இரத்த அழுத்தத்தோடு சேர்ந்துதான் பிறந்தது. 1953 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியரான ஹிப்ஸ்லி என்பவர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் அச்சொல்லைப் பயன்படுத்தினார். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்படும் ஆபத்தான பிரஷர் வருத்தம், நார் நிறைந்த உணவை உண்ணும் மக்களிடையே குறைவாகக் காணப்படுகிறது என்பதே அவர் கவனித்த விடயம்.

அதன்பின் இத்துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹியூ ட்ரோவெல். கென்யாவிலும் உகண்டாவிலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றிய பிரித்தானிய வைத்தியர் இவர். அவர் போன காலத்தில் அங்குள்ள கிராமத்து மக்களிடம் உயர் இரத்த அழுத்தம் அரிதாகவே இருந்தது. பட்டணமும் பட்டணத்துச் சாப்பாடும் பரவப் பரவ அது பெருகியதை அவர் தன் கண்ணாலேயே கண்டார். ஊர் திரும்பிய பின்னர் 1970களில், சக வைத்தியரான டெனிஸ் பர்கிற்றோடு சேர்ந்து நார்ச்சத்துக் குறைவே நவீன நோய்கள் பலவற்றுக்கும் காரணம் என்று வாதாடினார்.

அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அந்தக் கிராமத்து மக்கள் நாரை மட்டுமா கூடுதலாக உண்டார்கள்? உப்பைக் குறைவாக உண்டார்கள். மைல் கணக்கில் நடந்தார்கள். உடல் மெலிந்திருந்தார்கள். இவற்றில் எது பிரஷரைக் கட்டுப்படுத்தியது என்று ஊரைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. அதற்குப் பரிசோதனை வேண்டும்.

எவ்வளவு குறைகிறது?

அந்தப் பரிசோதனைகள் பின்னர் நடந்தன. ஒரு சாராருக்கு நார்ச்சத்தைக் கூட்டிக் கொடுத்து, மற்றச் சாராருக்கு வழமையான உணவைக் கொடுத்து, இரு சாராரின் இரத்த அழுத்தத்தையும் ஒப்பிடுவதே முறை. 2005 ஆம் ஆண்டு இத்தகைய 24 பரிசோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 11.5 கிராம் நார் கூடுதலாகக் கொடுத்தபோது மேல் அளவு 1.13 மில்லிமீற்றரும் கீழ் அளவு 1.26 மில்லிமீற்றரும் குறைந்திருந்தன.

"இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் அந்தச் சராசரிக்குள் பிரஷரே இல்லாத இளைஞர்களும் இருக்கிறார்கள். வயது கூடியவர்களிடமும் ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களிடமும் குறைவு அதிகமாக இருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு தொகுப்பு, 25 பரிசோதனைகளைப் பார்த்தது. அதில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்தபோது மேல் அளவு ஏறத்தாழ 6 மில்லிமீற்றரும் கீழ் அளவு 4 மில்லிமீற்றரும் குறைந்திருந்தன.

2022 இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரஷர் நோயாளிகளையும் இதய நோயாளிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள். பிரஷர் உள்ள ஒருவர் நாளாந்தம் 5 கிராம் நார் கூடுதலாக உண்டால் மேல் அளவு 2.8 உம் கீழ் அளவு 2.1 உம் குறையும் என்பது அவர்களின் மதிப்பீடு. 5 கிராம் என்பது ஒரு நடுத்தரக் கொய்யாப்பழம்.

இரண்டு மூன்று புள்ளி குறைந்து என்ன பயன் என்று கேட்கலாம். பத்து இலட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2002 இல் வெளியான ஒரு பேராய்வு இதற்கு விடை சொல்கிறது. நடுத்தர வயதில் மேல் அளவு 2 மில்லிமீற்றர் குறைவாக இருந்தாலே பாரிசவாதத்தால் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ 10 வீதமும், மாரடைப்பு வகை இதய நோயால் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ 7 வீதமும் குறைகின்றன. ஒரு ஆளுக்கு அது சிறிய எண். ஓர் ஊருக்கு அது எத்தனையோ ஜனாஸா.

உலக சுகாதார நிறுவனத்தின் கேள்விக்காகச் செய்யப்பட்டு 2019 இல் லான்செற் சஞ்சிகையில் வந்த பெருந்தொகுப்பு இன்னும் அகலமானது. நீண்டகாலம் மக்களைப் பின்தொடர்ந்த 185 ஆய்வுகளையும் 58 பரிசோதனைகளையும் அது சேர்த்துப் பார்த்தது. நார்ச்சத்தை அதிகம் உண்பவர்களிடம் மாரடைப்பு, பாரிசவாதம், சீனி வருத்தம், பெருங்குடல் புற்றுநோய் ஆகியன 15 முதல் 30 வீதம் குறைவாக இருந்தன. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் வரை உண்டவர்கள் கூடிய நன்மை பெற்றார்கள். வளர்ந்தவர் ஒருவர் குறைந்தது 25 கிராமாவது உண்ண வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டல். பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல் வேண்டும், பெண்களுக்கு 28 கிராமுக்கு மேலும் ஆண்களுக்கு 38 கிராமுக்கு மேலும், என்று 2024 இல் இத்துறை ஆய்வாளர்கள் சிலர் பரிந்துரைத்தார்கள்.

வயிற்றுக்குள் நடப்பது

குடலுக்குள் கிடக்கும் தவிட்டுக்கும் கையில் கட்டிப் பார்க்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?

முதலாவது சம்பந்தம் பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள். நமக்குச் சமிக்காத நார்தான் அவற்றின் உணவு. அவை நாரை நொதிக்கச் செய்யும்போது அசற்றேற்று, புரப்பியனேற்று, பியூற்றிரேற்று எனும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. அசற்றேற்று என்பது வேறொன்றுமில்லை, நம் வீட்டு வினாகிரியில் உள்ள அமிலத்தின் உறவுதான். இவை குடற்சுவர் வழியே இரத்தத்தில் சேர்ந்து, இரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் உள்ள வாங்கிகளைத் தொடுகின்றன. எலிகளில் நடந்த ஆய்வுகளின்படி, இந்த வாங்கிகளில் ஒன்று அழுத்தத்தை ஏற்றுகிறது, மற்றொன்று இறக்குகிறது. ஒரு தராசைப்போல இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன.

அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் 2023 இல் மனிதரிலும் இதைச் சோதித்தார்கள். பிரஷர் இருந்தும் மருந்து தொடங்காத 20 பேருக்கு, பெருங்குடலில் இந்த அமிலங்களை வெளிவிடும்படி தயாரிக்கப்பட்ட சோளமாவை மூன்று வாரம் கொடுத்தார்கள். 24 மணித்தியாலமும் அளந்த மேல் அழுத்தம் சராசரியாக 6 மில்லிமீற்றர் அளவு குறைந்தது. 20 பேர் என்பது சிறு தொகை. ஆனாலும், தவிட்டுக்கும் பிரஷருக்கும் நடுவே நிற்கும் தரகர்கள் நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

இரண்டாவது சம்பந்தம் நாரோடு கூட வருகிறவை. கீரை, பயறு, பழம் ஆகியவற்றில் நார் தனியாக இருப்பதில்லை. பொட்டாசியமும் மக்னீசியமும் உடன் இருக்கின்றன. பொட்டாசியம் சிறுநீரகத்தின் வழியே உப்பை வெளியேற்ற உதவுகிறது, இரத்தக் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது.

மூன்றாவது உடல் எடையும் இன்சுலினும். நார் உள்ள சாப்பாடு வயிற்றை நெடுநேரம் நிரப்பி வைக்கும், சீனி இரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்கும். இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும்போது சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இதுவும் பிரஷரோடு சம்பந்தப்பட்டதே.

இவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது கடினம். ஐக்கிய அமெரிக்காவில் 459 பேரைக் கொண்டு நடத்தி 1997 இல் வெளியான டாஷ் எனும் புகழ்பெற்ற ஆய்வு இதற்குச் சாட்சி. அங்கு ஒரு குழுவினர் வழமையான அமெரிக்கச் சாப்பாட்டை உண்டார்கள். அதில் நார் ஏறத்தாழ 9 கிராம்தான். மற்றக் குழுவினர் மரக்கறி, பழம், தவிடு நீக்காத தானியம், கொழுப்புக் குறைந்த பால் என்று உண்டார்கள். அதில் நார் ஏறத்தாழ 31 கிராம். உப்பு இரு குழுவுக்கும் ஒரே அளவு. எட்டு வாரத்தில் பிரஷர் உள்ளவர்களின் மேல் அளவு 11 மில்லிமீற்றருக்கு மேல் குறைந்தது. ஒரு பிரஷர் குளிசை தரும் பலனுக்கு இது கிட்டத்தட்டச் சமம். இதில் நாருக்கு எவ்வளவு பங்கு, பொட்டாசியத்துக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் அறுத்துக் கூற முடியாது. முழுத் தட்டும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்தது.

பொதியில் வரும் நார்த்தூளின் பலன் குறைவாக இருப்பதற்கும் இது ஒரு காரணமாகலாம். இசப்கோல் போன்ற பசை நார்களைத் தனியாகக் கொடுத்த பரிசோதனைகளில் மேல் அளவு சராசரியாக ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீற்றர் வரைதான் குறைந்தது. பயனில்லை என்பதல்ல. ஆனால் தட்டை மாற்றாமல் தூளை மட்டும் கரைத்துக் குடிப்பவர் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது.

அரிதட்டு இல்லாத ஊர்

ஸஹீஹுல் புகாரியில் உணவு பற்றிய பாகத்தில் ஒரு செய்தி வருகிறது. நபி (ஸல்) அவர்கள் வெண்மையான, சலித்தெடுத்த மாவை உண்டார்களா என்று ஸஹ்ல் இப்னு ஸஃத் (ரழி) அவர்களிடம் கேட்கப்படுகிறது. நபியாக அனுப்பப்பட்டது முதல் வஃபாத்தாகும் வரை அவர்கள் அத்தகைய மாவைக் கண்டதே இல்லை என்று அவர் கூறுகிறார். உங்களிடம் அரிதட்டு இருந்ததா என்ற கேள்விக்கும் இல்லை என்றே விடை வருகிறது. அப்படியானால் சலிக்காத வாற்கோதுமையை எப்படிச் சாப்பிட்டீர்கள்? அரைத்து, ஊதுவோம். பறப்பது பறந்துவிடும். மீதியைப் பிசைந்துகொள்வோம். இதுவே அவர் சொன்னதன் கருத்து.

இந்த ஹதீஸைப் பிரஷருக்கான மருந்துச் சீட்டாக வாசிப்பது பிழை. அது வாழ்ந்த வாழ்க்கையின் எளிமையைச் சொல்கிறது. அதுபோலவே வாற்கோதுமைக் கூழான தல்பீனா நோயாளியின் உள்ளத்துக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் ஆறுதல் தரும் என்று ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. அங்கு பிரஷர் பற்றிய பேச்சே இல்லை. ஹதீஸில் இல்லாததை ஏற்றி, "பிரஷர் குணமாகும்" என்று பொதியில் அச்சடித்து விற்பது வியாபாரம். மார்க்கமும் அல்ல, மருத்துவமும் அல்ல.

ஆனால் அந்தச் செய்தி நம்மிடம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. அரிதட்டு இல்லாத அந்த மதீனா வீட்டுக்கும் நமது இன்றைய சமையலறைக்கும் இடையில் எது வடிகட்டப்பட்டுப் போனது? அது வெகு தூரத்துக் கதையும் அல்ல. நம் உம்மம்மாமார் உரலில் குத்திச் சுளகில் புடைத்த அரிசியில் உமி போனது, தவிடு பெரும்பாலும் நின்றது. பின்னர் மில் வந்தது. தீட்டத் தீட்ட அரிசி வெள்ளையானது. வெள்ளை அரிசி மரியாதைக்குரிய அரிசியானது.

கோதுமை மாவின் கதையும் அப்படியே. இரண்டாம் உலக யுத்தத்தில் 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. தட்டுப்பாட்டை ஈடுசெய்யப் பங்கீட்டில் கோதுமை மா கொடுக்கப்பட்டது. பஞ்சத்துக்கு வந்த விருந்தாளி பிறகு வீட்டுக்காரனாகிவிட்டான். காலையில் பாண், பின்னேரம் ரோல்ஸ், இரவில் பராட்டா அல்லது கொத்து என்று மூன்று வேளையும் அதே தவிடு நீக்கிய மா வேறு வேறு உடுப்பில் வருகிறது.

நமது தட்டைக் கணக்குப் பார்ப்போம்

சராசரியான ஒரு நாளை எடுப்போம். காலையில் கால் றாத்தல் பாண், நார் ஏறத்தாழ 3 கிராம். கூட வரும் தேங்காய்ச் சம்பலில் 2 கிராம். பகலில் ஒரு கோப்பை நிறைய வெள்ளைச் சோறு. சமைத்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு அரைக் கிராம் நார்கூடத் தேறாது, ஆக மொத்தம் 1 கிராம். கோழி, மாட்டிறைச்சி, மீன் எதுவானாலும் சைபர். இரண்டு கரண்டி பருப்பில் 3 கிராம். ஓரத்தில் வைத்த சலாதில் 1 கிராம். பின்னேரச் சோட் ஈட்ஸில் 1 கிராம். இரவு இரண்டு பராட்டாவில் 3 கிராம். கூட்டினால் 14 கிராம். வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறோம். தேவையான நாரில் பாதிதான் கிடைத்திருக்கிறது.

இப்போது அதே தட்டைச் சற்று மாற்றுவோம். காலையில் அவித்த பயறு ஒரு கோப்பை, தேங்காய்ப்பூ தூவி. அவித்த பயறிலும் கடலையிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஏழரை கிராம் நார் உண்டு, கௌபியில் ஆறரை. ஒரு கோப்பைக்கு 10 கிராமாவது சேரும். பகலில் தீட்டாத சிவப்பரிசிச் சோறு, 4 கிராம். கடையில் வாங்கும்போது மணியின் செந்நிறம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெளிறிப்போயிருந்தால் தவிடும் போய்விட்டது என்று அர்த்தம். பருப்பு 4 கிராம். முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எதுவானாலும் ஒரு கை நிறையச் சுண்டல், 2 முதல் 3 கிராம். பின்னேரம் சோட் ஈட்ஸுக்குப் பதில் ஒரு கொய்யா, 5 கிராம். இரவில் குரக்கன் பிட்டு அல்லது ரொட்டி. குரக்கன் மா 100 கிராமில் ஏறத்தாழ 11 கிராம் நார் இருப்பதால் ஒரு நேரத்துக்கு 6 கிராம் கிடைக்கும். மொத்தம் 30 கிராமைத் தாண்டிவிட்டது. இதில் வெளிநாட்டிலிருந்து வரும் விலை கூடிய சாமான் ஒன்றுமே இல்லை. ஓட்ஸ் பெட்டி வாங்க வசதியில்லாதவரும் பயறு அவிக்கலாம்.

கலியாண வீட்டுச் சஹனை நான் குறை சொல்ல வரவில்லை. ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றிக் குந்துவதில் உள்ள அன்பு வேறெந்தச் சாப்பாட்டிலும் இல்லை. ஆனால் நடுவில் இறைச்சியும் கோழியும் மலையாகக் குவிந்திருக்க, மரக்கறி என்பது அச்சாறாக மட்டுமே வருகிறது. அதிலும் உப்புக் கூடுதல். வட்டிலப்பம் தொடர்கிறது. வருடத்தில் ஒரு தரம் இரண்டு தரம் என்று இருந்த இந்தத் தட்டு, இப்போது வெள்ளிக்கிழமைச் சாப்பாடாகவும் ஓடர் பண்ணும் சாப்பாடாகவும் ஆகிவிட்டது. சஹனின் ஓரத்தில் கடலைச் சுண்டலும் பழத்துண்டும் வைக்க ஒரு வலீமா வீட்டார் முன்வந்தால் மற்றவர்களும் பின்தொடர்வார்கள்.

றமழானிலும் இதே கதைதான். நோன்பு துறக்கும் பேரீச்சம்பழம் நல்ல தொடக்கம், மூன்று பழத்தில் 2 கிராம் வரை நார் உண்டு. அதற்குப் பிறகு வரும் சமோசாவும் கட்லட்டும்தான் கணக்கைக் குழப்புகின்றன. நோன்புக் கஞ்சி நம்முடைய பெரும் செல்வம். அதைச் சிவப்பரிசியில் காய்ச்சி, ஒரு பிடி பயறும் முருங்கையிலையும் போட்டு, உப்பை அளவாக இட்டால் அதைவிடச் சிறந்த துறப்பு உணவு கிடையாது. ஸஹரில் தவிடுள்ள தானியமும் பருப்பும் உண்பவருக்குப் பசியும் மெதுவாகவே வரும்.

அவசரப்படாமல், அளவறிந்து

சில எச்சரிக்கைகள் அவசியம்.

நாரை ஒரேநாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு ஊதும், காற்றுப் பிரியும், "இது எனக்குச் சரிவராது" என்று விட்டுவிடுவோம். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கூடவே தண்ணீரும் கூட வேண்டும்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் தாங்களாக எதையும் தொடங்கக் கூடாது. நாரோடு வரும் பொட்டாசியத்தைப் பழுதடைந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் போகலாம், அது இதயத் துடிப்பையே குழப்பிவிடும். லொசார்டன், எனலப்ரில், ஸ்பைரோனோலக்டோன் ஆகிய குளிசைகளும் பொட்டாசியத்தை உடலில் தேக்கக்கூடியவை. அவற்றைப் பாவிப்பவர்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை வைத்தியரிடம் கேட்டறிந்த பின் உணவை மாற்றுவது நல்லது. இரத்தம் உறையாதிருக்க வோர்பரின் எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. இசப்கோல் போன்ற தூள்களைக் குளிசையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணித்தியால இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடலில் சேர்வது தடைப்படலாம்.

உப்பை மறந்துவிட்டு நாரைப் பேசுவதிலும் அர்த்தமில்லை. டாஷ் ஆய்வின் தொடர்ச்சி 2001 இல் வெளிவந்தது. அதே உணவோடு உப்பையும் நன்கு குறைத்தபோது, அதிக உப்போடு வழமையான உணவை உண்டவர்களைவிட, பிரஷர் உள்ளவர்களின் மேல் அளவு 11.5 மில்லிமீற்றர் குறைவாக இருந்தது. பிரஷர் இல்லாதவர்களிடமும் 7 மில்லிமீற்றர் வித்தியாசம் தெரிந்தது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கீரைச் சுண்டலில் கருவாட்டையும் மாசியையும் அள்ளிப்போட்டு விட்டு நார் சாப்பிட்டேன் என்று சொல்வது, ஒரு கையால் இறைத்து மறு கையால் ஊற்றுவதுதான்.

மூத்தம்மாவுக்கு விடை

இனி கிளினிக் வாங்குக்குத் திரும்புவோம். குரக்கன் கஞ்சி குடித்தால் குளிசையை விடலாமா?

கணக்கு நம்மிடம் இருக்கிறது. ஒருவரின் மேல் அளவு 170 என்று வைத்துக்கொள்வோம். தட்டை முழுவதும் மாற்றி, உப்பையும் குறைத்தால் பத்து, பன்னிரண்டு புள்ளி இறங்கலாம். அப்போதும் 158 இல் நிற்கிறார். 140 ஐத் தாண்டியதுமே உயர் இரத்த அழுத்தம் என்றாகிறது. மீதித் தூரத்தைக் கடக்கக் குளிசை வேண்டும். கஞ்சியை நம்பிக் குளிசையை நிறுத்துகிறவருக்கு வலியோ காய்ச்சலோ வந்து எச்சரிப்பதில்லை. பிரஷர் சத்தமில்லாத வருத்தம். பலருக்கு அதன் முதல் சத்தமே வாய் கோணுவதும் கை விழுவதுமாக இருக்கிறது.

ஆனால் 142 இல் நிற்கும் நாற்பது வயது மகனுக்கு அதே கணக்கு வேறு விடையைத் தருகிறது. இன்றே தட்டை மாற்றினால், வைத்தியரின் கண்காணிப்போடு, குளிசை தொடங்கும் நாளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட அவரால் முடியலாம். குளிசை எடுப்பவருக்கும் அளவு மேலும் கூடாமல் இருக்க நார் உதவும். சில மாதம் தொடர்ந்து பிரஷர் இறங்கியே இருந்தால் குளிசையைக் குறைப்பதா என்பதை அளந்து பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார். அந்தத் தீர்மானம் கஞ்சிக் கோப்பைக்கு உரியதல்ல.

ஆகவே மூத்தம்மாவுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: "உம்மா, குளிசையயும் போடுங்க, கஞ்சியயும் குடிங்க. ஆனா அந்தக் கஞ்சிய நீங்க மட்டும் குடிக்காதீங்க. ஊட்டுல மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்புள்ளைகளுக்கும் சேத்துக் காய்ச்சுங்க." பிரஷர் வந்தவரின் தட்டில் மட்டும் குரக்கனும் மற்றவர்களின் தட்டில் பராட்டாவும் இருக்கும்வரை அடுத்த தலைமுறையும் இதே வாங்கில், இதே கொப்பியோடு வந்து குந்தத்தான் போகிறது.

மனிதன் தன் உணவை உற்றுப் பார்க்கட்டும் என்ற கருத்தில் ஸூறா அபஸவில் ஒரு வசனம் வருகிறது. அதைத் தொடர்ந்து தானியமும் திராட்சையும் கீரையும் ஸைத்தூனும் பேரீச்சையும் கனிகளும் எண்ணிச் சொல்லப்படுகின்றன. இன்று இரவு சாப்பிடக் குந்தும்போது நாமும் ஒருமுறை தட்டை உற்றுப் பார்ப்போம். அரிதட்டில் நின்றுபோனது எவ்வளவு, தட்டுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று.